அந்த மெசேஜை அனுப்பிவிடுங்கள்



ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகி இரண்டு முழுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். போன இதழின் சிறுகதையில் ஆரம்பித்து, கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரம், புதிதாக வாங்கிய மிக்ஸி என்று எங்கெங்கோ போய், கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி கேட்கிறார். "முகம் தெரியாத உங்களுக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். என் நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பத்தான் அரை மணி நேரம் ஆகிறது. எழுதுகிறேன், அழிக்கிறேன். அனுப்பிவிட்டால், பார்த்தாளா பார்த்தாளா என்று போனையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லவே இல்லை அம்மா. இந்தப் பத்தியை அலுவலகத்தில் வாசித்துக் காட்டியதும் ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் இளம் உதவி ஆசிரியர், 'சரி' என்று போட்டால் முறைப்பாக இருக்குமோ, 'ஓகே' என்று போட்டால் அலட்சியமாக இருக்குமோ என்று யோசித்து, கடைசியில் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, அதற்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தைத் திருத்திய எங்கள் மெய்ப்புப் பார்ப்பவர், புதுச் சம்பந்திக்கு அனுப்பும் நன்றியை மனைவியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அனுப்புகிறாராம். எழுத்தையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் பாடு இப்படி.

கடிதம் எழுதுவது நமக்கு ஏன் சுலபமாக இருந்தது? பாதிக் கடிதத்தை நமக்கு முன்பே யாரோ எழுதிவைத்திருந்தார்கள். ஊர், தேதி, 'அன்புள்ள அத்தைக்கு', 'நலம், நலமறிய ஆவல்', நடுவில் சொல்ல வந்த சங்கதி, 'பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்', 'மற்றவை நேரில்', 'இப்படிக்கு'. பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கோபத்தில் கொதிக்கும் மாப்பிள்ளைகூட 'மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு' என்றுதான் ஆரம்பித்தாக வேண்டும். அதை எழுதி முடிப்பதற்குள் சூடு கொஞ்சம் இறங்கியிருக்கும். வாங்கிப் படிக்கிறவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. இன்லண்ட் லெட்டரைப் பிரித்ததும் கண் முதலில் தேடுவது 'இங்கு அனைவரும் நலம்' என்ற வரியை. அது இருந்துவிட்டால் மற்றதை ஆற அமரப் படிக்கலாம். வெறும் சம்பிரதாயம் என்று நாம் கேலி செய்த வரிகள் இரண்டு பக்கத்துக்கும் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தன.

தாமதத்துக்கும் அன்று யாரும் பொறுப்பில்லை. பதில் வரவில்லையா? தபால்காரர் வரவில்லை, ரயில் பிந்திவிட்டது, மழை, ஞாயிற்றுக்கிழமை. பழியை ஏற்றுக்கொள்ள ஒரு முழு இலாகாவே இருந்தது. இன்று நடுவில் யாரும் இல்லை. போதாக்குறைக்கு, தாமதத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு கருவியும் வந்துவிட்டது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் இரண்டு நீல டிக்குகளை அறிமுகப்படுத்தியது. அதுவரை 'போய்ச் சேர்ந்தது' என்பதோடு நின்ற செய்தி, அன்றிலிருந்து 'படித்துவிட்டார்' என்றும் சொல்ல ஆரம்பித்தது. உலகமெங்கும் முணுமுணுப்பு கிளம்பியதில், சில நாட்களிலேயே அதை அணைத்துவைக்கும் வசதியும் வெளிவரத் தொடங்கியது. ஆனால் பெரும்பாலோர் அணைக்கவில்லை. ஏனென்றால் அதில் ஒரு பண்டமாற்று இருக்கிறது: நீங்கள் படித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது என்றால், மற்றவர் படித்ததை நீங்களும் பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால் அந்தப் பேரத்துக்கு யோசிக்காமல் சம்மதிக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ரீட் ரிசீப்ட்ஸ், ஒரு தட்டு. 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்பதும் அங்கேயேதான் இருக்கிறது, அதையும் மறைத்துவிடலாம். குரூப்புகளிலும் வாய்ஸ் மெசேஜ்களிலும் மட்டும் இந்த மறைப்பு செல்லாது. நம் வீடுகளில் அந்த டிக்குகள் சொல்லும் சாட்சியமே சந்தேகத்துக்குரியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெசேஜைத் திறந்தது உங்கள் நாத்தனாராகவே இருக்க வேண்டுமா? பேரன் கார்ட்டூன் பார்க்கப் போனை வாங்கியிருப்பான். மேலே வந்து விழுந்த அறிவிப்பை அவன் விரல் தட்டிவிட்டிருக்கும். அவரே திறந்திருந்தாலும், அடுப்பில் பால் பொங்கியிருக்கும், பஸ்ஸில் இறங்கும் இடம் வந்திருக்கும். அல்லது, இதுதான் பெரும்பாலும் நடப்பது, உங்களுக்கு நல்ல பதிலாகப் போட வேண்டும் என்றே ஒத்திவைத்து மறந்திருப்பார்.

ஒரு தகவல். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற 22 வயது பொறியாளர் கணினியிலிருந்து, வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸ் கையிலிருந்த செல்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். பதில் வரவில்லை. அந்தப் போனிலிருந்து செய்தி அனுப்ப வழியே கிடையாது! பதில் வராத மெசேஜ்களின் வரலாறு முதல் மெசேஜிலேயே ஆரம்பித்துவிட்டது. அங்கேயும் காரணம் மனஸ்தாபம் இல்லை.

காத்திருப்பவர் படும் பாடு இது. பதில் போட வேண்டியவர் படும் பாட்டை லண்டன் பிசினஸ் ஸ்கூலின் லாரா ஜியூர்ஜும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வனெசா போன்ஸும் ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, வேலை நேரம் முடிந்த பிறகு வரும், அவசரமில்லாத அலுவலக மின்னஞ்சல்களை. அனுப்பியவர் எவ்வளவு சீக்கிரம் பதிலை எதிர்பார்க்கிறார் என்று கேட்டால், பெறுகிறவர்கள் உண்மையைவிட அதிகமான அவசரத்தையே கற்பனை செய்துகொள்கிறார்கள். அனுப்பியவரோ 'முடிகிறபோது போடட்டும்' என்றுதான் இருக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறி அனுப்புகிறவராகவும் பெறுகிறவராகவும் இருந்தும் இந்தப் பிசகு நடக்கிறது. அதைச் சரிசெய்ய அவர்கள் சோதித்துப் பார்த்த மருந்து ரொம்பச் சின்னது: 'அவசரமில்லை, முடியும்போது பாருங்கள்' என்று அனுப்புகிறவரே ஒரு வரி சேர்ப்பது. அலுவலகத்துக்குப் பொருந்துவது நாத்தனாருக்கும் பொருந்தும். அந்த ஒரு வரி நிம்மதி தருவது அவருக்கு மட்டும் இல்லை. எழுதிய கையோடு நமக்கும் போனைக் கீழே வைக்க அனுமதி கிடைத்துவிடுகிறது.

அடுத்தது தொனி. இதில்தான் பெரும்பாலான வீட்டுச் சண்டைகள் ஆரம்பிக்கின்றன.

"பரவாயில்லை" என்று ஒரு மெசேஜ் வருகிறது. மன்னித்துவிட்டாரா, மனதில் வைத்துக்கொண்டாரா? "நீங்களே முடிவு பண்ணுங்க." நம்பிக்கையா, வெறுப்பா? நேரில் சொன்னால் முகம் சொல்லிவிடும், போனில் சொன்னால் இழுப்பு சொல்லிவிடும். எழுத்தில் படிக்கிறவரே குரல் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று அவர் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அந்தக் குரல். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி என்ற உளவியலாளர்களும் வேறு இருவரும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எதிராளி எவ்வளவு சரியாகக் கண்டுபிடிப்பார் என்று கேட்டதற்கு அனுப்பியவர்கள் சொன்னது சுமார் 78 விழுக்காடு. உண்மையில் கண்டுபிடித்தது 56. நாணயத்தைச் சுண்டிப்போட்டாலே பாதி சரியாக வந்துவிடும். அதைவிடக் கொஞ்சம்தான் மேல். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 விழுக்காடு சரியாகப் போய்ச் சேர்ந்தது. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதால், அது எழுத்தோடு சேர்ந்து போகிறது என்று நம்பிவிடுகிறோம்.

எனக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதலாக இருந்தது. யாராவது அனுப்பிய ஒற்றை வார்த்தை சுருக்கென்று குத்தினால், குத்தியது அவரா, அவருக்கு நான் கொடுத்த குரலா என்று ஒரு நிமிடம் நிற்கலாம் அல்லவா?

முற்றுப்புள்ளி விஷயம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா க்ளின் குழுவினர் 126 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஒற்றை வார்த்தைப் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், அந்தப் பதில் மனதார வந்தது போல் மாணவர்களுக்குத் தோன்றவில்லையாம். அதே பதிலைக் காகிதத்தில் கையால் எழுதிக் காட்டியபோது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நம் வீட்டுத் தாத்தாக்களை நினைத்துப் பாருங்கள். வாக்கியம் முடிந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்று தமிழய்யா பிரம்பு வைத்துக் கற்றுக்கொடுத்தது. 'சரி.' என்று முறையாக அனுப்புகிறார். கல்லூரியில் படிக்கும் பேத்தி, தாத்தாவுக்கு என்ன கோபம் என்று அம்மாவுக்குப் போன் போடுகிறாள். இன்னும் சில பெரியவர்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் மூன்று புள்ளி, நான்கு புள்ளி வைப்பார்கள். 'சாப்பிட்டாச்சு....' என்றால் சாப்பாட்டில் ஏதோ பிரச்சினை என்றுதான் சின்னவர்கள் படிக்கிறார்கள். அவருக்கு அது மூச்சு விடும் இடம், அவ்வளவே. தாத்தா புள்ளியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், இந்தப் பத்திரிகை முற்றுப்புள்ளியின் கட்சி. பேத்திதான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொனிச் சிக்கல் செல்பேசியோடு வந்ததும் இல்லை. 1982-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையினர் தங்களுக்குள் செய்திப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். லிஃப்ட்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதியதைச் சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். நகைச்சுவைக்கு ஏதாவது அடையாளம் வேண்டும் என்று பேச்சு வந்தது. செப்டம்பர் 19 அன்று அவர்களில் ஒருவரான ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாக வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம் ஒன்றை முன்மொழிந்தார். 1999-ல் ஜப்பானில் ஷிகெடாகா குரிடா, என்.டி.டி. டோகோமோ நிறுவனத்துக்காக 176 சின்னஞ்சிறு படங்களை வடிவமைத்தார். இன்று அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. படங்களைப் பார்த்து முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முகம் இல்லாத இடத்தில் ஒரு முகம் வைப்பதில் என்ன குற்றம்? கைகூப்பும் படத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வணக்கம், நன்றி, மன்னிப்பு, அஞ்சலி, 'ஐயா போதும் விடுங்கள்' என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றையே போடுகிறோம். கூட ஒரு வார்த்தை இல்லாவிட்டால் எது என்று தெரியாது.

நாம் ஏன் இவ்வளவு கத்தரித்துக் கத்தரித்து எழுதுகிறோம் என்றும் நான் யோசிப்பதுண்டு. காசுதான் காரணம் என்று படுகிறது. தந்தியில் வார்த்தைக்குக் கட்டணம். ஆகவே செய்தி எலும்பும் தோலுமாக வரும். தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிட்ட காலம் அது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிந்துபோனது, பயம் மட்டும் இன்னும் முடியவில்லை. தந்தி இருக்கும்போதே வந்துவிட்டது குறுஞ்செய்தி. 1985-ல் ஜெர்மன் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மனதில் பட்ட வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து எழுத்து எழுத்தாக எண்ணினார். பெரும்பாலும் 160 எழுத்துக்குள் அடங்கின. அதுவே அளவாயிற்று. தமிழுக்கு அந்த 160-ம் இல்லை. தமிழ் எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடம்தான். மெய்யின் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம் போய்விடும். ஆறெழுத்து 'வாழ்த்துகள்' 11 இடத்தை அடைத்துக்கொள்ளும். பொங்கலுக்கு நாலு வரி வாழ்த்தினால் இரண்டு மெசேஜ் காசு. அதிலும் பண்டிகை நாளில் சலுகைப் பேக் செல்லாது என்று கம்பெனிகள் வேறு சொல்லிவிடும்! நாம் எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று எழுத்துக்குக் காசு இல்லை. எத்தனை வரி எழுதினாலும் ஒன்றுதான். கைதான் பழைய சிக்கனத்தை விடமாட்டேன் என்கிறது. 'ஹாய்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். என்ன விஷயம், கடனா, கல்யாணமா, காப்பீட்டுப் பாலிசியா? அம்மாவிடமிருந்து பகல் பதினொரு மணிக்கு 'உடனே கூப்பிடு' என்று வரும். அலறி அடித்துக்கொண்டு கூப்பிட்டால், ரேஷன் கார்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று கேட்பார். மேலாளரிடமிருந்து 'நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க' என்று இரவு ஒன்பது மணிக்கு வந்தால் அன்றைய தூக்கம் அவ்வளவுதான். மூன்று பேரும் இன்னும் ஐந்து வார்த்தை சேர்த்திருந்தால் போதும். 'பயப்பட ஒண்ணுமில்ல, ரேஷன் கார்டு விஷயம்.' 'நல்ல விஷயம்தான், புது வேலை ஒண்ணு பத்தி.' தந்திக் காலத்துக் கலவரத்தை இலவச மெசேஜில் கொண்டுவருவதற்கு நமக்கு ஒரு நியாயமும் இல்லை.

தொனியைக் காப்பாற்றத் தமிழிலேயே நமக்கு நல்ல வசதி உண்டு. 'நாளைக்கு வர முடியாது' என்பது கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. 'அக்கா, நாளைக்கு வர முடியலக்கா' என்றால் கதவு திறந்தே இருக்கிறது. உறவுமுறையைச் சொல்லி ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்தது. பழைய கடிதத்தின் 'அன்புள்ள அத்தைக்கு' செய்ததை இங்கே ஓர் 'அத்தை' செய்துவிடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கவலையே இல்லை. பேசுவது போலவே 'சரிங்க', 'வரேனுங்க' என்று எழுதிவிடுகிறார்கள், யாரும் கோபமென்று படிப்பதில்லை. பேச்சில் வருகிற 'மா', 'ப்பா', 'தானே', 'ல்ல' இவற்றையெல்லாம் இலக்கணம் பார்த்து மெசேஜிலிருந்து களைய வேண்டாம். மெய்ப்புப் பார்ப்பவரும் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

முடிந்தால் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் பள்ளியும் பல்லியும் ஒன்று, பழமும் பலமும் ஒன்று. படிக்கிறவர் ஊகிக்க வேண்டிய பாரம் இன்னொன்று கூடுகிறது. 2005-லேயே மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற செயலியால் செல்பேசியில் தமிழை ஓடவிட்டார். இன்று ஏறக்குறைய எல்லாப் போனிலும் தமிழ் விசைப்பலகை உண்டு, வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு. சொல்லச் சொல்ல எழுதுவதால் அதில் நம் பேச்சு இயல்பாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அனுப்புமுன் ஒருமுறை படித்துவிடுங்கள், போன் தன் இஷ்டத்துக்குச் சில சொற்களைப் போட்டுவிடும்.

இரங்கல் செய்திதான் பலருக்கும் கை ஓடாத இடம். குரூப்பில் முதல் ஆள் 'ஆழ்ந்த இரங்கல்' என்றதும், அடுத்த நாற்பது பேர் அதையே நகலெடுத்து ஒட்டுவார்கள். தப்பில்லை, வேறென்ன சொல்ல என்ற தவிப்புதான். ஆனால் துக்க வீட்டுக்காரர் நடு இரவில் தூக்கம் வராமல் திரும்பப் படிப்பது வேறு மாதிரியான மெசேஜ்களை. 'பெரியப்பா எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தார்' என்பது போன்ற ஒரு வரி. கூடவே, 'இதுக்கு பதில் போட வேணாம்' என்று சொல்லிவிட்டால், அந்த நிலையில் அவர் தலையில் இன்னொரு கடமையை ஏற்றாமல் இருப்போம். பிறகு நேரில் போக வேண்டியது போகத்தான் வேண்டும். துக்கம் விசாரிப்பதை மெசேஜோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓர் அழைப்பை மறுக்கும்போதும் நேர்மை போதும். வர இயலாது என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, காரணத்தை ஒரு வரியில் நிறுத்திக்கொள்ளலாம். காரணம் நீள நீள, பொய் போலத் தெரிகிறது.

ரொம்ப நாளாகப் பேசாதவருக்கு எழுதுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. கல்லூரித் தோழி, பழைய அண்டை வீட்டார், முன்பு வேலை பார்த்த இடத்து அண்ணன். நினைவு வருகிறது, போனை எடுக்கிறோம், அவர் பெயரைத் திறந்தால் கடைசி மெசேஜ் எப்போதோ போட்ட தீபாவளி வாழ்த்து. இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன என்று நினைப்பாரோ என்று போனை வைத்துவிடுகிறோம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் 5,900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். சும்மா நினைவு வந்து ஒரு செய்தியோ சிறு பரிசோ அனுப்பினால் எதிராளி எவ்வளவு மகிழ்வார் என்பதை, அனுப்புகிறவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் தெரியவந்தது: எவ்வளவு எதிர்பாராததோ, அவ்வளவு சந்தோஷம். நாம் எதை இடைஞ்சல் என்று நினைத்துத் தயங்குகிறோமோ, அந்தத் 'திடீர்'தான் அவர்களுக்கு இனித்திருக்கிறது.

நம் ஊரில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு, ஒப்புக்கொள்கிறேன். திடீரென்று மெசேஜ் வந்தால் பணம் கேட்கவா, பத்திரிகை வைக்கவா என்றுதான் முதலில் தோன்றும். அதனால் முதல் வரியிலேயே அதைத் தீர்த்துவிடுங்கள். 'ஒரு காரியமும் இல்ல, நம்ம கேன்டீன் பக்கம் போனேன், உன் ஞாபகம் வந்துச்சு' என்று எழுதுங்கள். இத்தனை நாள் பேசாததற்கு மன்னிப்பெல்லாம் கேட்டு நீட்டினால், அவரும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். அது வேண்டாம்.

எல்லாவற்றையும் மெசேஜிலேயே தீர்க்க முடியும் என்று நான் சொல்லவில்லை. மனஸ்தாபம் என்று வந்துவிட்டால், நாலாவது மெசேஜை அடிப்பதற்குப் பதில் கூப்பிட்டுவிடுவது மேல். அமித் குமாரும் மேலே சொன்ன அதே எப்லியும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று பயந்தவர்கள், பேசிய பிறகு அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். மின்னஞ்சலில் தொடர்புகொண்டவர்களைவிட அவர்களுக்குள் நெருக்கமும் கூடியிருந்தது. போன் மணி அடித்தாலே திடுக்கிடும் இளையவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 'இப்ப கூப்பிடலாமா?' என்று முதலில் ஒரு மெசேஜ் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

எல்லாப் பயமும் கற்பனை என்றும் சொல்லமாட்டேன். மௌனத்தையே தண்டனையாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எப்படி எழுதினாலும் அதில் குத்தம் கண்டுபிடிக்கும் உறவும் சில வீட்டில் உண்டு; அங்கே கோளாறு உங்கள் வாக்கியத்தில் இல்லை. இன்னும் சிலருக்கு, ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டால் நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, வேலையே ஓடாது. அவர்கள் இந்தப் பக்கத்தின் யோசனைகளோடு நின்றுவிட வேண்டாம். மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அல்லது மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இந்த இதழைப் பற்றி ஒரு சொல். நடுப்பக்கத்தில் வாசகர்களின் பழைய கடிதங்களிலிருந்து ஒரு தொகுப்பு வருகிறது. விலாசங்களை மறைத்துவிட்டு, விளிகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம். அடுத்த இதழுக்கு உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். உங்களுக்கு எதிர்பாராமல் வந்த, உங்களை மகிழ்வித்த ஒரு மெசேஜைப் பற்றி எழுதுங்கள். அனுப்பியவர் பெயர் வேண்டாம், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். தபாலிலும் அனுப்பலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். அலுவலகப் போனில் நீல டிக்கை அணைத்துவைத்திருக்கிறோம். கிடைத்ததா என்று மறுபடி கேட்டு எழுதினாலும் சந்தோஷமே. இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் மட்டும் பதில் தாமதமாகும்.

அன்புடன்,
ஆசிரியர்